கிராஞ்சிக்கு அடுத்து செம்பவாங்

விடிவதற்குள் வலையில் விழுந்துவிட்டது.
உடம்பெல்லாம் சுங்கை பூலோ சேற்றின் நிறம்.
ஹஸ்லிந்தா இறக்கையை விரித்துப் பிடிக்க
நரம்பிலிருந்து ஒரு சொட்டு எடுத்தேன்.

பேதை உள்ளான்.
இங்கு வரும்போது எல்லாம் ஒரே சாயல்.
சைபீரியப் புல்வெளியில் பிடரி சிலிர்த்து மோதுகிறவனா,
பெட்டையின் உடுப்பில் ஓரமாய் நுழைகிறவனா,
கண்ணுக்குத் தெரியாது.
ரத்தம் சொல்லும்.

பதினோராம் குரோமோசோமில் ஒரு துண்டு,
மனிதர் இல்லாத காலத்தில் அறுந்து
தலைகீழாய் ஒட்டிக்கொண்டது.
வழக்கமாய் ஏறும் ரயிலில் வைத்துப் பார்ப்பேன்,
நடுவில் நான்கைத் திருப்பி:
கிராஞ்சி, செம்பவாங், அட்மிரல்டி,
உட்லண்ட்ஸ், மார்சிலிங், கேன்பரா.
ஒரு நிலையமும் தொலையவில்லை.
திரும்பிய துண்டு பழைய துண்டோடு கலக்காமல்
தனியே கிடந்து
தன் போக்கில் மாறிக்கொண்டே வந்தது.
ஒரு மரபணு குரலைத் தாழ்த்துகிறது,
இன்னொன்று கத்துகிறது.
ஆண் சுரப்பை ரத்தத்திலேயே கரைக்கும் நொதி
பொங்கி வழிகிறது.
சண்டைக்காரன் ஆகியிருக்க வேண்டியவன்
சும்மா நிற்கிறான்.

வெட்டு விழுந்த இடத்திலும் ஒரு மரபணு இருந்தது.
ஒரு பிரதி உடைந்தால் பிழைக்கலாம்.
இரண்டும் என்றால் குஞ்சு இல்லை.

போன வருடம் என் அறிக்கையும் வந்தது.
ஒன்பதாவதில் ஒரு திருப்பம்.
"நிறைய பேருக்கு இருக்கும் லா, ஒன்றும் செய்யாது"
என்றார் டாக்டர், அடுத்த பெயரைக் கூப்பிட்டபடி.

கையை விரித்தாள்.
பறக்கவில்லை; நடந்தே சேற்றில் இறங்கி
உடனே இரை பொறுக்கத் தொடங்கியது.

குழாயில் சீட்டைத் தலைகீழாய் ஒட்டியிருக்கிறேன்
என்று ஹஸ்லிந்தா சிரித்தாள்.
படிக்க முடிகிறதே,
இருக்கட்டும் என்றேன்.