நரித்தோல் கழுத்துக் கோட்டு

கால்மான் போர்முனைக்குப் போனபின்
ஸ்டுடியோ என் கையில்.
ஒரு முக்காலி.
வரைந்த திரைச்சீலையில் ஓர் ஏரி.
மாக்கோவில் ஏரி கிடையாது, வெங்காய வயல்தான்.
ஆணியில் ஒரு கோட்டு:
கறுப்புக் கம்பளி, கழுத்தில் நரித்தோல்.
வாடகை இருபது ஃபில்லேர். படத்துக்குத் தனி.

வெங்காயம் பிடுங்கிய கையோடு வருவார்கள்,
நகக்கண்ணில் மண்ணோடு.
"கை தெரிய வேண்டாம்" என்பாள் பிரோஷ்கா.
பைக்குள் விட்டுக்கொள் என்பேன்.
போர்பாலாவுக்கு எட்டு மாதம்; பொத்தான் எட்டவில்லை.
திறந்தே கிடக்கட்டும், அவருக்குத் தெரியட்டும் என்றாள்.
தெர்கா சிரிக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்தாள்.
சிரித்தால், தான் இல்லாமல் இங்கே
எல்லாம் நன்றாக நடக்கிறது என்று
நினைத்துக்கொள்வானாம் அவள் புருஷன்.

டிசம்பரில் ஒரு ஃபிலிம் சுருள் வந்தது,
விடுப்பில் வந்தவன் ஒருவனின் சட்டைக்குள்.
கால்மான் எடுத்தது. கடிதம் இல்லை.
சிவப்பு விளக்கின் கீழே
தட்டில் ஒவ்வொன்றாய் மிதந்து வந்தன.
தோன் நதி.
நதி என்று சொன்னால்தான் நதி, இல்லையென்றால் வெள்ளை வயல்.
மூக்கில் பனி தொங்கும் குதிரை.
ஹெல்மெட்டில் சவரத்துக்கு வெந்நீர்.
வாத்தைத் தலைகீழாய்ப் பிடித்த சமையற்காரன்,
யார் வீட்டு வாத்தோ.
அப்புறம் ஐந்து பேர், தோளோடு தோள்,
ஆளுக்கோர் அட்டையைக் காமிராவுக்குக் காட்டிக்கொண்டு,
வாயெல்லாம் பல்.
உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன்.

ஐந்து மனைவிகள்.
ஒரே கோட்டு.

இருட்டறையில் சத்தம் போட்டுச் சிரித்தேன்.
மாடியிலிருந்து கட்டையால் தட்டினார்கள்.

கோட்டின் கதையை இன்னும் சொல்லவில்லை.
அது செரேனாவுடையது. தையற்காரர் யெனோவின் மனைவி.
அவர் கையாலேயே தைத்தது.
கையில் மஞ்சள் பட்டி கட்டி,
துப்பாக்கி தராமல், சீருடை தராமல்,
மண்வெட்டி மட்டும் தந்து
அவரை ரயிலேற்றிய வாரம் கொண்டுவந்தாள்.
அரை மூட்டை மாவு கேட்டாள்.
கால் மூட்டைக்கு முடித்தேன்.

நவம்பரில் அவளும் படமெடுக்க வந்தாள்.
கோட்டை மாட்டியதும்
விரல்கள் தாமாக உள்தையலுக்குப் போயின,
இருட்டிலும் மாடிப்படி தெரிந்தவள் கால் மாதிரி.
நேராக உட்கார்ந்தாள். ஏரி அவளுக்குப் பின்னால்.
முடிந்ததும் இருபது ஃபில்லேரை எண்ணி மேசையில் வைத்தாள்.
வேண்டாம் என்று சொல்ல
வாய் திறந்தேன் என்று எழுதலாம்.
திறக்கவில்லை.

அந்த ஐவர் படத்தின் ஓரத்தில்
ஒருவர் குனிந்து பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார்.
ராணுவத் தொப்பி இல்லை. முகம் பருப்பளவு.
பெரிதாக்கினேன். இன்னும். இன்னும்.
முகம் உதிர்ந்து,
கசகசா கொட்டியதுபோல் புள்ளி புள்ளியாய் நின்றது.

ஜனவரியில்
வானொலி அந்த நதியின் பெயரைச் சொல்வதை நிறுத்தியது.
ரொட்டி வரிசையில் யாரும் யாரையும்
கடிதம் வந்ததா என்று கேட்பதில்லை.
போர்பாலா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.
கோட்டில் சுற்றிப் படமெடுத்தோம்.
ஐவரில் இரண்டாவது ஆளின் காது அதற்கு.
உறையில் விலாசம் எழுதும் இடத்தில்
அவள் பேனாவை என்னிடம் நீட்டினாள்,
எனக்குத் தெரியும் என்பதுபோல.

செரேனாவுக்குச் சொல்லியனுப்பி
அந்த மூலையைக் கொடுத்தேன்.
சன்னலருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள்.
வெளியே பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.
"இவரில்லை" என்றாள்.
"யெனோ இடதுகைக்காரர்."

சொல்லிவிட்டுக் கைப்பையைத் திறந்து
படத்தைக் கைக்குட்டையில் சுற்றி உள்ளே வைத்தாள்.
எவ்வளவு ஆயிற்று
என்று கேட்டாள்.