மூன்று கருவிகளுக்கு

இன்னும் மூன்று நாள் என்றது திரையின் மூலை.
போன வாரம் ஒன்பது என்றது.
அதற்கு முன்பும் ஏதோ சொல்லியிருக்கும்,
தண்ணீர் வரி நோட்டீஸைப் போல
மடித்துப் போட்டுவிட்டேன்.

புதுவயலில் ஏழு அரிசி மில்லுக்கு
ஜிஎஸ்டி போடுகிறவள் நான்.
இருபதாம் தேதி நெருங்கினால்
பெண்டிரைவ்கள் வரும்
தவிட்டுத் தூசியோடு, வெற்றிலைப் பொட்டலத்தோடு,
ஒன்று கறுப்புக் கயிறு கட்டி.
அத்தனைக்கும் ஒரே மடிக்கணினி.
துளை இரண்டு, ஒன்று வேலை செய்யாது.

மார்ச்சில் ஒரு காலை
எல்லாக் கோப்புறையும் அம்புக்குறி முளைத்துக் கிடந்தன.
திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை.
கடைசியாய்ச் சொருகியது அடைக்கலத்தின் பெண்டிரைவ்.
"பேருல அடைக்கலம், கையில கிருமி" என்று
வாசலில் நின்று கத்தினேன்.
நான் சொருகுனேன், அவ்வளவுதானேம்மா என்றார்.
அன்றிலிருந்து அவர் கேட்டுக்கு உள்ளே வருவதில்லை.
கம்பியிடுக்கில் வைத்துவிட்டு
சைக்கிள் மணியை ஒருமுறை அடிப்பார்.

காரைக்குடி நூறடி ரோட்டுக் கடையில்
ரிஃபாய் மூன்று டப்பா எடுத்து வைத்தான்.
பச்சை எழுநூறு. மஞ்சள் தொள்ளாயிரம்.
சிவப்புக்கு விலை சொல்லாமல்
அது வேற லெவல் மேடம் என்றான்.
மஞ்சளைக் குலுக்கினேன்.
காகிதம் ஒன்று நழுவும் சத்தம்.
இருபத்தைந்து எழுத்தும் எண்ணும்,
அவ்வளவுதான் சரக்கு.
மூட்டைக்குள் குத்தூசி விட்டு
அரிசியைப் பார்த்து வாங்கும் ஊர்க்காரிக்கு
இது மனசில் இறங்கவில்லை.

இலவசமாக் கிடைக்குமாமே?
"கிடைக்கும். காவலும் காக்கும்.
நீங்க எங்க போறீங்க, என்ன வாங்குறீங்கன்னு
குறிச்சும் வெச்சுக்கும்."
எங்கள் தெருவில் அதற்கு
நாலு பேர் ஏற்கெனவே இருக்கிறார்கள் என்றேன்.
சிரித்தான். பிறகு
முதலாளி சாப்பிட்டு வரும் வழியை ஒருமுறை பார்த்து
குரலைத் தணித்தான்:
"கம்ப்யூட்டரோட வர்றதே உங்களுக்குப் போதும் மேடம்.
அப்டேட் கேட்டா மட்டும்
'பிறகு'ன்னு அமுக்காதீங்க."

எத்தனை 'பிறகு' அமுக்கியிருப்பேன்
என்று எண்ணப் பார்த்தேன், முடியவில்லை.

அப்படியும் மஞ்சளையே வாங்கினேன்.
பயத்துக்கு ரசீது வேண்டியிருந்தது.
மூன்று கருவிகளுக்கு என்று
அடியில் பொடி எழுத்தில் இருந்தது.
எனக்கு ஒன்று. மற்ற இரண்டு?

பள்ளத்தூரில் பஸ் நின்றது.
வரிசையாய்ப் பூட்டு தொங்கும் பெரிய வீடு,
எண்ணினால் பதினொன்று.
மேல்மாடிச் சன்னலின் உடைந்த கண்ணாடி வழியே
தேனீக்கள் போவதும் வருவதுமாய் இருந்தன,
வாடகை கொடுத்தவை போல.

வீட்டுக்குப் போகாமல் மில்லில் இறங்கினேன்.
அடைக்கலம் எழுந்து நின்றார்.
அவர் கம்ப்யூட்டரின் விசிறியில்
உமி அடைத்து அது இருமிக்கொண்டிருந்தது.
எண்களை அவர் வாசிக்க, நான் தட்டினேன்.
எட்டா பி-யா என்று
ஒரே எழுத்தில் இருவரும் மூன்று முறை தடுமாறினோம்.

நாற்பத்தொன்று பிடிபட்டன.
இதெல்லாம் இங்கேயேவா இருந்துச்சு என்று
தரையைப் பார்த்தார், தேளைத் தேடுவதுபோல.
தேதிப்படி அடுக்கினேன்.
எல்லாவற்றுக்கும் முந்தியது
பிப்ரவரி பதினொன்று,
கோப்புறையின் பெயர்: சோலையம்மை ரிட்டர்ன்.
என் பெண்டிரைவ். என் கையெழுத்துபோல
நான் பெயரிடும் முறை.

அழிக்கவா என்று கேட்டது மென்பொருள்.
அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது.
மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றும் நேரம்
அது எனக்கு வசதியாக இருந்தது.

பிறகு திரையை அவர் பக்கம் திருப்பி
விரலை வைத்துக் காட்டினேன்.
இது எங்க வீட்டுலேர்ந்து வந்தது.

அடைக்கலம் கண்ணாடியைத் துடைத்து
மறுபடி போட்டுக்கொண்டார்.
"அப்ப அந்தக் கேட்டு..." என்றார், முடிக்கவில்லை.
மில் பெல்ட் ஓடத் தொடங்கியது.
அதற்கு மேல் பேசினாலும் கேட்டிருக்காது.

இப்போது திரையின் மூலையில்
முந்நூற்று அறுபத்தைந்து நாள்.
ஒரு கருவி மீதம்.