மூன்று பூச்சு மஞ்சள்

சனிக்கிழமை ஏழு மணிக்குள் போய்விட வேண்டும்.
ஏழரைக்குப் போனால் பீங்கான் கோப்பைகளும்
ஓடாத கடிகாரங்களும்தான் மிச்சம்.
டுலூத்தில் யாராவது இறந்துபோனால்
சாமான்களைப் புல்வெளியில் பரப்புகிறார்கள்,
ஏரிக்காற்றில் விலைச்சீட்டுகள் படபடக்கும்.
நான் நேராகக் கராஜுக்குள் நுழைவேன்.
பெஞ்சுக்கு அடியில், உறைந்துபோன பெயிண்ட் டப்பாக்களின் பின்னால்
இருக்கும் அது:
கை நீளத் தகரப் பெட்டி,
கூரை போலச் சரிந்த மூடி,
பிடித்துப் பிடித்துப் பளபளப்பேறிய கைப்பிடி.

கருவிகள் எனக்கு வேண்டாம்.
அங்கேயே கொட்டிவிட்டு வருவேன்.
ஸ்பேனருக்கு நாலு பேர் அடித்துக்கொள்வார்கள்,
வெறும் பெட்டிக்கு யார்?
ஐந்து டாலர் என்றால் மூன்று என்பேன்.
துக்க வீட்டில் பேரம் பேசுகிறவள் என்கிறாள் என் அண்ணி.
சொல்லட்டும்.
அவள் ரொட்டி காயாமல் இருப்பது என் பெட்டியில்தான்.

குளியல் தொட்டியில் வினிகர், ஒரு ராத்திரி முழுக்க.
விடிந்தால் தொட்டி நிறையக் கட்டன் டீ.
லெஸ்டர் சமையலறைக் குழாயில் பல் தேய்த்தபடி
ஒன்றும் சொல்லாமல் இருக்கிறான்,
பதினேழு வருடப் பழக்கம்.
பிறகு கம்பி பிரஷ், உப்புத்தாள்,
கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய்.
பச்சைப் பெட்டியில் வரிக் காகிதங்கள்.
மூடி போன ஒன்றில் பூனை
(அதில் என் வேலை எதுவுமில்லை, தானாக எடுத்துக்கொண்டது).
இன்னொன்றின் அடியில் ஏழு ஓட்டை போட்டு
சரளை பரப்பிப் புதினா நட்டேன்.
பள்ளி பஸ் மஞ்சள்,
மூன்று பூச்சு.

ஜூன் மாதச் சந்தையில் அதைத்தான் தூக்கினார் ஒருவர்.
செடியைப் பார்க்கவே இல்லை.
கைப்பிடிக்குக் கீழே கட்டைவிரலை வைத்து
கண்ணை மூடிக்கொண்டு தடவினார்.
"நாலு, நாலு, ஒன்று, ஏழு."
குனிந்து பார்த்தேன்.
பெயிண்டுக்கு அடியில் புள்ளி புள்ளியாய் ஏதோ மேடு.
துரு அரித்தது என்றல்லவா இருந்தேன்.

ஆல்டன் டோர்வினென்.
இரும்புத்தாது ஏற்றும் துறையில் முப்பத்தொரு வருடம்.
எண்பத்தேழில் லாக்கர் அறையிலிருந்து போன பெட்டி.
"எங்கே கிடைத்தது?"

தெரியும் எனக்கு.
நான் கொட்டுவதை மார்பில் கை கட்டிப் பார்த்து நின்ற விதவை,
மூன்று டாலரை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் போட்டவள்.
"மறந்துவிட்டது," என்றேன்.
"மூன்றாம் தெருவா? பச்சை வீடு? பர்ட் ஹோல்ம்க்விஸ்ட்?"
நான் புதினாவில் ஒரு பழுத்த இலையைத் தேடினேன்.
"அவன் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நானும் ஒருவன்.
நல்ல கனம்," என்றார்.

எடுத்துக்கொண்டு போங்கள், காசு வேண்டாம் என்றேன்.
முகம் சிவந்துவிட்டது மனிதருக்கு.
சும்மா வாங்கிப் பழக்கமில்லையாம்.
சீட்டில் இருபத்தெட்டு என்று இருந்தது.
"நல்ல பெட்டியில் ஓட்டை போட்டிருக்கிறாய்.
ஓட்டைக்கு ஒரு டாலர் கழி."
இருபத்தொன்று.
தன் சொந்தப் பெட்டிக்கு எண்ணி வைத்தார்,
ஒற்றை ஒற்றை டாலராக,
அந்தக் கடைசி நோட்டைக் கொடுக்க மனமில்லாமல்.

ஆகஸ்டில் திரும்ப வந்தார்.
"உன் செடி செத்துவிட்டது."
புதினாவைச் சாகடிக்க முடியாது என்றேன்,
சிமெண்டு போட்டாலும் முளைக்கும்.
"ஓட்டைகளை வெல்டு வைத்து அடைத்துவிட்டேன்.
தண்ணீர் மட்டும் தினமும் ஊற்றினேன்."

பெயிண்டைச் சுரண்டிவிட்டீர்களா என்று கேட்டேன்.
இப்போது அதில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.
"மஞ்சள் இருக்கட்டும்," என்றார்,
"அடுத்த முறை எவன் தூக்கினாலும்
தெருமுனையிலிருந்தே தெரியும்."