புள்ளடி

எனக்குத் தந்த வேலை மை பூசுவது.
இடக்கைச் சின்னிவிரல், நகமும் தோலும் சேருமிடம்.
ஏழு மணிக்கு முதல் விரல் வந்தது:
செபமாலைக் குரூஸ், மேசன்.
நகமெல்லாம் நேற்றைய சீமெந்து.
மை எதில் பிடிக்கும் என்று இரண்டு பேரும் யோசித்தோம்.

முருங்கனுக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடம், ஐந்தாம் வகுப்பு.
சுவரில் பெருக்கல் வாய்பாடு.
அதற்குக் கீழே மட்டை மறைப்பு,
நூலில் கட்டிய பேனை.
கயிலாயபிள்ளை மாஸ்டர் இடாப்பைப் பார்த்து
உரத்து வாசிக்கிறார்.
முகவர்கள் கோடு கீறுகிறார்கள்.

பெயரை உரத்து வாசித்தால் எனக்கு வயிறு இறுகும்.
ஒல்லாந்தன் தன் தோம்பையும்
இப்படித்தான் வாசித்தானாம்,
அவனுடைய கோயிலுக்கு வராதவனுக்குக் குற்றக்காசு.
எங்கட ஆட்கள் போகவில்லை.
மாந்தையிலிருந்து மாதாவைத் தூக்கிக்கொண்டு
காட்டுக்குள் இறங்கினார்கள்.
பிச்சைக்காரன் வேசத்தில் ஒரு குருவானவர் வந்து
இரவோடு பிள்ளைகளுக்குத் தண்ணீர் வார்த்துவிட்டு
கரடி நடமாடும் வழியால் திரும்பிப் போனார்.
நான் இதைக் கண்டதில்லை.
என் முழங்கால்கள் கண்டிருக்கின்றன.

தேத்தண்ணி நேரம் மாஸ்டர் தன்ர கதையைச் சொன்னார்:
விரதச் சோறு தின்ற வாழையிலையைக்
கூரை இறப்பில் செருகி ஒளித்தார்களாம்.
"அப்ப உங்கட ஆட்கள்..." என்று தொடங்கி
என் கழுத்துச் சங்கிலியைப் பார்த்து
"பறங்கியள்" என்று திருத்தினார்.
நானும், யாழ்ப்பாணத்து அரசன் மன்னாரில் வெட்டின
அறுநூறு பேரை வாய்வரைக்கும் கொண்டுவந்து
பிஸ்கற்றோடு விழுங்கினேன்.

பத்தரைக்குப் புத்தளத்து பஸ்.
இறங்கியவர்களில் உவைஸ் என்று ஒருவர்,
மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்.
இடாப்பில் பெயர் இல்லை.
மாஸ்டர் இரண்டு தரம் விரலோட்டிப் பார்த்தார்.
"நான் இந்த வகுப்பிலதான் படிச்சனான்,
அந்த ஜன்னலோரம்" என்றார் உவைஸ்.
தொண்ணூறில் போகச் சொன்னபோது
ஒருவரும் இடாப்புப் பார்க்கவில்லை.
அவர் விரலை நீட்டியபடி நின்றார்.
பூச எனக்கு அனுமதியில்லை.
மாஸ்டர் நிலத்தைப் பார்த்தார். நானும்தான்.
அந்த ஒரு நிமிசம்
நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆட்கள்.

நான் தபாலில் போட்டு இரண்டு கிழமை.
அதற்கு முந்தின சனி இரவு
சந்தியில் அந்தோனியார் கூட்டுக் கண்ணாடியை
ஆரோ கல்லால் எறிந்து உடைத்தார்கள்.
ஞாயிறு முதற்பூசைக்கு முன்பே
வாங்கில் வாங்காகத் துண்டுப்பிரசுரம்:
உடைந்த கண்ணாடி, பளபளக்கும் வர்ண அச்சில்,
கீழே எட்டாம் இலக்கம்,
"எங்கட ஆள்."

இரவில் உடைந்தது
விடியமுன் எந்த அச்சகத்தில் காய்ந்தது?
கேள்வி வந்தது. வராமல் இல்லை.
எட்டாம் இலக்கத்தையும் எனக்குத் தெரியும்.
அருவியாற்று மணலை லொறி லொறியாக ஏற்றியவன்.
எங்கட கிணறு உவர்த்தது அதற்குப் பிறகுதான்.
ஆனாலும் பேனையை எடுத்ததும்
அந்தக் காட்டிருட்டு வந்து
பக்கத்தில் குந்திக்கொண்டது.
இரண்டு கோடு கீறினேன்.
சரிந்து கிடந்தால் புள்ளடி,
நிமிர்த்தினால் சிலுவை.
கை தன்பாட்டில் நெற்றிக்குப் போய்வந்தது.

நாலு மணி. பெட்டிக்கு அரக்கு.
மெழுகுதிரியைப் பிடித்தபடி மாஸ்டர் கேட்டார்,
"நீர் எத்தினையாம் இலக்கம்?"
"அது இரகசியம், சேர்."
சிரித்தார்.
அவருடையது என்னவென்று நானும் கேட்கவில்லை,
நெற்றியில் வீபூதி அழியாமலே இருந்தது.

குழாயடியில் நெடுநேரம் கை கழுவினேன்.
பூசிய எனக்குப் பத்து விரலிலும் மை.
றோட்டில் புத்தளத்து பஸ்
லைற் போட்டுத் திரும்புகிறது,
யன்னலுக்கு வெளியே ஒரு கை,
மை படாதது.