மூன்றரை அறை

இந்த வீட்டின் அடுப்பை எனக்குத் தெரியும்.
போன வியாழன் அதன் வயிற்றுக்குள்
தோள்வரை கை விட்டவள் நான்.
இன்று அதே வீட்டைப் பார்க்கப்
படிக்கட்டில் முப்பத்தெட்டாவதாக நிற்கிறேன்.
எண்ணினேன். வேறென்ன செய்ய.

ஷ்லீரன்.
டிராம் வந்த பிறகு தன்னைச் சூரிச் என்று
சொல்லிக்கொள்ளப் பழகும் ஊர்.
ரயில்பெட்டி செய்த கொட்டகையில்
இப்போது வெள்ளை அங்கிக்காரர் மதியம் சாப்பிடுகிறார்கள்.
எங்கள் கட்டடத்துக்கு மட்டும் ஒரு பதிவுத் தபால்:
முழுமையான புனரமைப்பு,
செப்டம்பர் முப்பதுக்குள் காலி.
பதினெட்டுக் கதவு, பதினெட்டுக் கையெழுத்து.
தபால்காரன் ஏதோ தான் எழுதியதுபோல்
தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆயிரத்து நானூற்றிருபது கட்டினோம்.
திருத்திய பிறகு அதே சுவருக்குள்
இரண்டாயிரத்து அறுநூற்றெண்பதாம்.
சுவருக்குச் சம்பளம் ஏறிவிட்டது.
தவநேசனுக்கு ஏறவில்லை.

சம்பளத்தில் மூன்றில் ஒன்றுதான் வாடகை,
அதற்கு மேலென்றால் கோவையைத் திறக்கவே மாட்டார்கள்.
எங்கள் மூன்றில் ஒன்றுக்கு
ஒரு கார் நிறுத்தும் இடம் கிடைக்கும்,
கூடவே சைக்கிள் அறைச் சாவியும்.

கோவையை நெஞ்சோடு அணைத்திருக்கிறேன்.
மூன்று மாதச் சம்பளச் சீட்டு.
கடன் இல்லையென்று அலுவலகம் தந்த தாள்.
(கடனில்லை என்பதற்கும் காசு கட்டவேண்டும்.)
பிறகு ஒரு குடும்பப் படம்.
"பல்லுத் தெரியச் சிரியுங்கோ அம்மா,
ஆனா கனக்க வேண்டாம்."
கடிதமும் அபிரஜாவே எழுதினாள்:
நாங்கள் அமைதியானவர்கள்.
நாய் இல்லை. புகைப்பதில்லை. இசைக்கருவி இல்லை.
எழுதி முடித்ததும் எழுந்துபோய்
வயலினைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

எனக்கு முன்னால் ஒரு எரித்திரியக்காரர்,
மழைக்குப் பயந்து கோவையைச்
சட்டைக்குள் செருகியிருக்கிறார்.
அவருக்கு முன்னால் ஒரு சோடி,
கலியாண அழைப்பிதழ்போல அவர்களுடைய கோவை,
தடித்த தாள், வெள்ளி நாடா.
படியில் உட்கார்ந்திருக்கிறாள் ஒரு சுவிஸ்காரி,
எட்டு மாதமிருக்கும், தனியாக.

வாசலில் நீல உறை தருகிறார்கள், சப்பாத்துக்கு.
நான் மினுக்கிய தரைக்கு அவ்வளவு மரியாதை.
நிர்வாகத்துப் பெண் ஸ்டுக்கிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.
வியாழன் இதே விரலால்
ஜன்னல் மேல்விளிம்பைத் தடவிப் பார்த்து
"சரி" என்றவள்.
இன்று அந்த விரல் பெயர்களில் ஊர்கிறது.

மூன்றரை அறை.
இருபத்திரண்டு வருடமாய்த் தேடுகிறேன்,
இந்த நாட்டில் அந்த அரை எங்கே இருக்கிறதென்று.
வரவேற்பறையில் ஆணியடித்த ஐந்து துளை,
பழைய குடித்தனக்காரி பற்பசையால் அடைத்தது.
கிட்டப் போனால் புதினா மணக்கும்.
எல்லாரும் வெளிச்சத்தைப் புகழ்கிறார்கள்.
நான் படுக்கையறைக்குப் போனேன்.

வடக்குச் சுவர், அலுமாரி நின்ற இடம்.
ஆளுயரக் கரும்பூஞ்சணம்.
மூன்று போத்தல் குளோரின், ஒரு முழு மத்தியானம்.
இப்போது பால்போல் வெள்ளை.

"இங்கே நீச்சல்குள மணம் வருகிறதா?"
கர்ப்பிணி கேட்டாள், மூக்கைச் சுருக்கி.

சொன்னால் வரிசையில் ஒருத்தி குறைவாள்.
அதற்காகத்தான் சொன்னேனா,
வயிற்றுப் பிள்ளைக்காகச் சொன்னேனா,
அதை இன்னும் எனக்கே சொல்லத் தெரியவில்லை.
"ஈரச் சுவர். நவம்பரில் திரும்பவும் வரும்.
நான்தான் துடைத்தேன்."

அவள் சுவரைப் பார்த்தாள்.
என் கைகளைப் பார்த்தாள்.
பிறகு ஜன்னல் கட்டையில் படிவத்தை விரித்து
"பேனா இருக்கிறதா?" என்றாள்.

கொடுத்தேன்.
எனக்கும் அது ஒன்றுதான்.
அவள் எழுதி முடிக்கும்வரை
அடுப்பருகே போய் நின்றேன்.
கதவுக் கண்ணாடியில் யாரோ வைத்த விரலடையாளம்.
சட்டைக் கையை இழுத்து
ஊதித் துடைத்தேன்,
பழக்கதோஷம்.