இரண்டு மணி

ஆயிரத்து நானூற்று நாற்பது கிலோபைட்.
அதற்குமேல் எள் விழ இடமில்லை இந்த பிளாப்பியில்.
எனக்கு இன்னும் பன்னிரண்டு வேண்டும்.

தார்த்துவில் பிப்ரவரி. ஆறு உறைந்து கிடக்கிறது.
ஹீட்டரும் மானிட்டரும் சேர்ந்து ஓடினால்
ஃபியூஸ் போய்விடுகிறது;
கோட்டு மாட்டிக்கொண்டு கெர்னலை இளைக்க வைக்கிறேன்.

வோரு பள்ளி நூலகத்திலிருந்து
லெய்டா திருப்பி அனுப்பிய பூட் டிஸ்க்
மேசைமேல் இருக்கிறது, ஒரு கடிதத்தோடு.
திரையில் வந்ததை எழுத்துப் பிசகாமல் எழுதியிருக்கிறார்:
வேர்க் கோப்பமைப்பை ஏற்ற முடியவில்லை, 02:00.
கீழே, பென்சிலில்:
"இரண்டு மணி என்று போட்டிருந்தது.
பகல் இரண்டுக்குப் பார்த்தேன், ஏறவில்லை.
இரவாக இருக்குமோ என்று
சாவியை வாங்கிக்கொண்டு காத்திருந்தேன்.
நான் செய்த பிழை எது?"

போனில் படித்துக் காட்டினேன்.
உர்மெட் விழுந்து விழுந்து சிரித்தான்.
"அது பிளாப்பி டிரைவின் எண்.
எந்த மடையனுக்கும் தெரியும்."
நானும் சிரித்தேன்.
போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

பூட்டிய பள்ளி. அணைந்த கணப்பு.
ஒரு பெண் கடிகாரத்தைப் பார்க்கிறார், திரையைப் பார்க்கிறார்.
இரண்டாவது டிஸ்கில் ஒரு செக்டர் செத்திருக்கிறது,
விஷயம் அவ்வளவுதான்.
அதைச் சொல்ல ஒரு வாய் இல்லை
நான் செய்த பொருளுக்கு.

ஆகவே பன்னிரண்டு கிலோபைட்:
டிஸ்கைத் தடவிப் பார்க்க ஒரு குட்டி நிரல்,
பேச ஒரு வரி.

முதலில் போனது வரவேற்புப் படம்,
உர்மெட் மூன்று ராத்திரி உட்கார்ந்து வரைந்த பென்குயின்.
அவனிடம் இன்னும் சொல்லவில்லை.
பிறகு எங்கள் பெயர்ப் பட்டியல்.
இன்னும் ஏழு.
டிரைவர்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன்,
அரிசியில் கல் பொறுக்குவதுபோல.
எல்லாமே யாரோ ஒருவரின் அரிசி.
ஒன்று மட்டும், ஒரு பழைய ஸ்கஸி அட்டைக்கானது,
எனக்குத் தெரிந்து ஊரில் ஒரே ஒரு பெட்டியில் இருக்கிறது.
அந்தப் பெட்டியில்தான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

எடுத்தேன்.

இனி என் டிஸ்க் என் கணினியை
அடையாளம் தெரியாமல் விழிக்கும்.
லெய்டாவின் கணினியில் சொல்லும்:
"இரண்டாவது டிஸ்க் பழுது. வேறொன்றில் நகலெடுங்கள்.
உங்கள்மேல் தவறில்லை."
அந்தக் கடைசி வாக்கியம் எதற்கு என்று உர்மெட் கேட்டால்
சோதனைக்காக விட்டுவைத்தது என்பேன்.

ஓ-வின் தலைமேல் வரவேண்டிய அலைக்கோட்டுக்கு மட்டும்
இடம் கிடைக்கவில்லை;
அவர் ஊர்ப் பெயர் இன்னும் ஓட்டையாகத்தான் வரும்.

மார்ச்சில் ஓர் அஞ்சலட்டை:
"ஏறிவிட்டது. மணி பார்க்கவில்லை.
மவுஸ் அசையமாட்டேன் என்கிறது."