காலளவு

நீலோவின் ஸ்கேட்டுக்குள் என் கால்
இரண்டு ஜோடிக் காலுறையோடு நுழைகிறது.
அதற்கு மேலும் இடம் இருக்கிறது.
நுனியில் செய்தித்தாளைக் கசக்கி அடைத்திருக்கிறேன்.
விளம்பரப் பக்கம்தான்.
இரங்கல் பக்கத்தை அம்மா முன்பே வெட்டி எடுத்துக்கொண்டாள்.

காலை ஐந்தரை.
கெமியில் ஜனவரி மாதம் பத்து மணிக்கு முன்னால்
யாரும் விடியலை எதிர்பார்ப்பதில்லை.
அப்பா காரின் கண்ணாடியைச் சுரண்டுகிறார்.
பேச வேண்டியதையெல்லாம் அந்தச் சத்தத்திலேயே பேசிவிடுவார்.
ஆற்றுப் பாலம் வந்தால் ரேடியோவைக் கூட்டுவார்,
பாலம் முடிந்ததும் குறைப்பார்.
போன ஏப்ரலில் அந்த ஆற்றின் நடுவில்தான்
அண்ணனின் பனிவண்டி உள்ளே போனது.
எங்கள் வீட்டில் ஆற்றைப் பற்றிப் பேச்சில்லை.
ஐஸ் ஹாக்கி பற்றிப் பேசுவோம்.

"முப்பத்தொன்று காலியாக இருக்கக் கூடாது" என்று
பயிற்சியாளரிடம் போய்க் கேட்டு வாங்கி வந்தார்.
முதுகில் அந்த எண்ணோடு நான் திரும்பும்போதெல்லாம்
அரங்கில் யாரோ மூச்சைப் பிடிக்கிறார்கள்.
தலைக்கவசத்தைக் கழற்றுகிறேன்.
நான்தான் என்று தெரிந்து
விட்டுவிடுகிறார்கள்.

வென்லா சனிக்கிழமைகளில்
பனித்தரையை வழிக்கும் வண்டி ஓட்டுகிறாள்.
பதினெட்டு வயது. அம்மா போய் இரண்டு வருடம்.
அப்பாவுக்குச் சமையல்காரி, கணக்குப்பிள்ளை,
தங்கையின் பள்ளிக் கூட்டத்துக்குப் போகும் பெரிய மனுஷி,
எல்லாம் அவள்தான்.
"நான் ஆறுதல் சொல்லமாட்டேன், நீயும் சொல்லாதே.
சிப்ஸ் இருக்கு, வேணுமா?" என்றாள் முதல் நாள்.
இதுவரை கிடைத்த அனுதாபங்களில்
அது ஒன்றுதான் உப்புப் பார்த்துப் போட்டது.

பனிமேல் ஏன் வெந்நீர் ஊற்றுகிறாய் என்று ஒருமுறை கேட்டேன்.
"பச்சைத் தண்ணி மேலேயே உறைஞ்சிடும்.
கீறலுக்குள்ள இறங்கணும்னா சூடு வேணும்."
கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:
"இதுல பாடம் எதுவும் தேடாத."

பிப்ரவரியில் ரோவனியெமி அணியோடு ஆட்டம்.
ஆறு கோல் விட்டேன்.
ஏழாவது வந்தபோது கால் ஒரு பக்கம் போனது,
ஸ்கேட் இன்னொரு பக்கம்.
பக் என் முழங்கால்களுக்கு நடுவே
வீடு திரும்பும் பூனைபோல
அவசரமே இல்லாமல் உள்ளே நுழைந்தது.
சிரித்துவிட்டேன்.
நீலோவும் சிரித்திருப்பான் என்று யாரும் சொல்ல வேண்டாம்.
மட்டையை உடைத்திருப்பான்.
ஆட்டத்தில் அவன் பொல்லாதவன்.
அதையும் நினைவில் வைக்க ஒரு ஆள் வேண்டாமா?

அப்பா சாவியைப் போட்டார், திருப்பவில்லை.
எங்கள் மூச்சில் கண்ணாடி
உள்பக்கமாக வெளுத்துக்கொண்டு வந்தது.
என் மடியில் ஸ்கேட்.
எட்டிப் பார்த்த காகிதத்தை
அவர் இரண்டு விரலால் பிடித்து இழுத்தார்.
வந்துகொண்டே இருந்தது, ஒரு தாள், இன்னொரு தாள், ஈரமாக.
கடைசித் தாளைத் தொடைமேல் வைத்து நீவினார்.
குளிர்கால டயர்கள், முப்பது சதவீதம் தள்ளுபடி.
அதை முழுதாகப் படித்தார்.

"உன் காலளவு என்ன?"

எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் தயாராக வைத்திருந்தேன்.
இது அதில் இல்லை.

"நாற்பத்தொன்று."

"நாற்பத்தொன்று," என்றார்
போகாத ஊரின் பெயரைச் சொல்லிப் பார்ப்பதுபோல.

நாளைக்கும் ஐந்தரைக்கு எழுப்புவாரா, தெரியாது.
பாலம் வந்தது.
ரேடியோவை அவர் தொடவில்லை.
கீழே ஆறு இருந்தது.